ஓராண்டுப் படிப்புக்கு ஒரு கணக்கு

புத்தாண்டு நெருங்கும்போது நம் விடுதியில் மூன்று வகை உறுதிமொழிகள் கேட்கும். ஒருவர் விடியற்காலையில் எழுந்து கங்கைக் கரைவரை நடக்கப்போவதாகச் சொல்வார். இன்னொருவர் தேநீரை அறவே விட்டுவிடப்போவதாகச் சொல்வார். மூன்றாமவர், "இந்த ஆண்டு இத்தனை புத்தகம் படித்தே தீருவேன்" என்பார். காசியின் சனவரிக் குளிர் முதல் இருவரையும் பொங்கலுக்குள் மனம் மாற்றிவிடும். மூன்றாமவர் அவ்வளவு விரைவில் தோற்பதில்லை. அவர் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகத் தோற்றுக்கொண்டிருப்பார்.

அந்த மூன்றாமவர்களில் நானும் ஒருவன். தோற்றவன் என்ற தகுதியில்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன். வரும் ஆண்டுக்கு நான் வேறு விதமாக ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். அது எப்படி உருவாயிற்று, அதில் என்ன கணக்கு இருக்கிறது என்பதை மன்றத்து நண்பர்களுக்குச் சொன்னால், என்னைப் போன்றவர்களுக்குச் சிறிது பயன்படலாம்.

எண்ணுக்கு அடிமையான கதை

சென்ற ஆண்டுத் தொடக்கத்தில் 52 புத்தகங்கள் படிப்பது என்று முடிவு செய்தேன். வாரத்துக்கு ஒன்று, எவ்வளவு அழகான கணக்கு! அதை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டினேன். பிப்ரவரியில் ஆய்வுக்கூடத் தேர்வு வந்தது. மார்ச்சு மாதம் எண்ணிப் பார்த்தபோது ஐந்து புத்தகம் பின்தங்கியிருந்தேன். அப்போதுதான் என்னை அறியாமலே ஒரு திருட்டுத்தனம் தொடங்கியது. நூலகத்தில் புத்தகத்தைக் கையில் எடுத்தவுடன் பெயரைப் பார்ப்பதற்கு முன் அதன் பருமனைப் பார்க்கலானேன். மெலிந்த புத்தகமாக இருந்தால் மகிழ்ச்சி. பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தால் இன்னும் மகிழ்ச்சி.

ஆண்டு முடிவில் 19 தேறின. அவற்றுள் பதினாறு ஆங்கிலம், மூன்று இந்தி. தமிழ் ஒன்றுகூட இல்லை. அந்தப் பத்தொன்பதில் இன்று ஐந்து நிமிடம் பேசக்கூடிய அளவுக்கு என் மனத்தில் நிற்பவை நான்கே. மற்ற பதினைந்தும் என் கண் வழியாக வந்து கண் வழியாகவே போய்விட்டன. மனம் சலித்துப் போய், இந்த ஆண்டு திட்டம் எதுவுமே போடாமல் இருந்துவிட்டேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என் தந்தையார் இரயில்வேயில் பணியாற்றுபவர். நான் பிறந்து வளர்ந்தது நாகபுரியில். பள்ளியில் ஆங்கிலம், தெருவில் இந்தி, வீட்டில் தமிழ். வீட்டுத் தமிழ் என்றால் பேச்சுத் தமிழ்தான். தமிழ் எழுத்துகளை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் அப்பாயி. கோடை விடுமுறைகளில் கும்பகோணத்து வீட்டுத் திண்ணையில் சிலேட்டுப் பலகையை வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தார். அவர் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வயது 84. கண் அழுத்த நோயினால் இரண்டு ஆண்டுகளாக அவருக்கு எழுத்துத் தெரிவதில்லை.

கோடையில் கிடைத்த பாடம்

இந்த ஆண்டுக் கோடை விடுமுறையில் கும்பகோணம் போயிருந்தேன். பேச்சுவாக்கில் அப்பாயியிடம் என் பத்தொன்பது புத்தகப் பெருமையை எடுத்துவிட்டேன். பெயர்களை வரிசையாக அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அலமாரியில் ஐயர் புத்தகம் இருக்கும், எடுத்து வா தம்பி" என்றார்.

அவர் 'ஐயர் புத்தகம்' என்றது டாக்டர் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தை. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்து, ஐயரவர்கள் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்றுபோன நூல் அது. 1950-ல் புத்தகமாயிற்று. மொத்தம் 122 அத்தியாயங்கள். அதில் சேலம் இராமசாமி முதலியார் வரும் இடத்தைத் தேடி எடுத்துப் படிக்கச் சொன்னார் அப்பாயி.

அந்த நிகழ்ச்சி நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1880-ஆம் ஆண்டு. ஐயரவர்கள் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த புதிது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல ஆண்டுகள் பாடம் கேட்டவர். அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயரவர்கள் தாம் பாடம் கேட்ட அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், புராணங்கள் என்று நீண்ட பட்டியலைச் சொன்னார். முதலியார் அதற்கு அசையவே இல்லை. இவற்றுக்கெல்லாம் முற்பட்ட பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஐயரவர்களிடம் விடை இல்லை. அதுவே அவர் வாழ்க்கையைத் திருப்பியது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1887-ல், சீவக சிந்தாமணி அவருடைய பதிப்பாக வெளிவந்தது.

பட்டியல் சொன்ன பேரனுக்கு அப்பாயி சொல்லாமல் சொன்ன விடை இது. ஆனால் எனக்கு உறைத்தது அதுமட்டுமன்று. நான் அந்தப் பகுதியைப் படித்துக் காட்டிய விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றும் காது சிவக்கிறது. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு இடத்தில் நின்றேன். நீண்ட சொற்களைப் பாதியில் விட்டுவிட்டு மறுபடி தொடங்கினேன். மூன்று பக்கம் படிப்பதற்குள் வியர்த்துவிட்டது. அப்பாயி கோபித்துக்கொள்ளவில்லை. "எழுத்தைப் படிக்கிறாய் தம்பி, இன்னும் விஷயத்துக்கு வரவில்லை" என்று மட்டும் சொன்னார். சிறிது நேரம் கழித்து, "எனக்கு இதை முழுக்க ஒருமுறை கேட்க வேண்டும் என்று ஆசை. படிக்கத்தான் ஆளில்லை" என்றார்.

வரும் ஆண்டுக்கான என் திட்டம் அந்தத் திண்ணையில் பிறந்தது.

முதலில் அளந்து பார்

நான் வேதியியல் மாணவன். ஆய்வுக்கூடத்தில் ஒரு கரைசலின் வலிமை தெரியாமல் யாரும் அதை வைத்து வேலை தொடங்கமாட்டார்கள். முதலில் தரம் பார்ப்போம், பிறகுதான் மற்றவை. ஆனால் படிப்பு என்று வரும்போது நம் வேகம் என்ன, நமக்குள்ள நேரம் என்ன என்று அறியாமலே 52 என்றும் 100 என்றும் எழுதிவிடுகிறோம். என் முதல் தவறு இதுதான்.

எனவே காசிக்குத் திரும்பியதும் என் வேகத்தை அளந்தேன். பிரேம்சந்தின் ஒரு சிறுகதையை எடுத்துக்கொண்டேன். அவர் இக்காசிக்கு அருகிலுள்ள லம்ஹி என்ற ஊரில் 1880-ல் பிறந்தவர். கதையை இந்தி மூலத்தில் ஒரு நாளும், ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒரு வாரம் கழித்தும், தமிழ் மொழிபெயர்ப்பில் அதற்கும் ஒரு வாரம் கழித்தும் படித்தேன். இந்தியில் 14 நிமிடம். ஆங்கிலத்தில் 16 நிமிடம். தமிழில் 41 நிமிடம். தமிழில் படித்தபோது கதை எனக்கு ஏற்கெனவே தெரியும். அப்படியும் இந்த நிலை.

நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று ஏன் எண்ணவில்லை என்று நண்பர்கள் கேட்கலாம். மொழிகளை அப்படி ஒப்பிடுவது நேர்மையாகாது. 'போகவேண்டியிருந்ததால்' என்பது தமிழில் ஒரே சொல்லாக நிற்கிறது. அதே பொருளைச் சொல்ல இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் பல சொற்கள் வேண்டும். சொல்லை எண்ணினால் தமிழ் படிப்பவர் எல்லாரும் மந்தமானவர்களாகத் தெரிவார்கள். ஒரே செய்தியைப் படித்து முடிக்க ஆகும் நேரமே சரியான அளவு.

அடுத்து, எங்கே நிற்கிறேன் என்று பார்த்தேன். வேதியியலில் ஒரு வினை பல படிகளாக நடக்கும். அவற்றுள் எது மிக மெதுவான படியோ, அதுவே முழு வினையின் வேகத்தையும் நிர்ணயிக்கிறது. மற்றப் படிகளை எவ்வளவு விரைவுபடுத்தினாலும் பயன் இல்லை. என் தமிழ்ப் படிப்பில் அந்த மெதுவான படி எது? படிக்கும்போது தடுக்கிய இடங்களையெல்லாம் பென்சிலால் குறித்துக்கொண்டேன். அறுபது இடங்கள் சேர்ந்தன. அவற்றில் எழுத்தை மாற்றிப் படித்தவை 5. பொருள் தெரியாத சொற்கள் 12. மீதி 43-ம் எனக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள், ஒன்றோடொன்று சேர்ந்து புணர்ந்து நின்றவை. 'கண்ணுக்கெட்டியவரையில்' என்பதில் கண் தெரியும், எட்டுவது தெரியும், வரை தெரியும். சேர்ந்து நின்றால் மட்டும் எனக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை!

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கிற்று. எனக்கு வேண்டியது அகராதி அன்று. அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னவுடனே பொருள் தெரிந்துவிடுகிறது. ஏனென்றால் அம்மா பேசி நான் கேட்ட சொல் அது. வெளிமாநிலங்களில் வளர்ந்த நம் போன்றவர்களின் தமிழ் காதில் இருக்கிறது. கண்ணுக்கு இன்னும் வந்து சேரவில்லை. காதையும் கண்ணையும் இணைப்பதற்கு வாய்விட்டுப் படிப்பதைப்போல் வேறு வழி இல்லை. நான் ஆண்டுக்கு நூறு நூல்களை மௌனமாகப் புரட்டினாலும் இந்தக் குறை தீராது. ஒரு நூலை உரக்கப் படித்தால் தீரும். அப்பாயிக்குக் கேட்க வேண்டும். எனக்கு உரக்கப் படிக்க வேண்டும். இருவர் தேவையும் ஒரே இடத்தில் சந்தித்தன.

காசியில் பணியாற்றிய ஒரு கணித ஆசிரியர்

திட்டம் வகுக்கும்போது எனக்கு வழிகாட்டியவர் நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர். நாம் நாள்தோறும் போகும் சயாஜி ராவ் கெய்க்வாட் நூலகத்தோடு தொடர்புடையவர். எஸ். ஆர். இரங்கநாதன் 1892-ல் சீர்காழியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். நூலகத் துறையைக் கற்க இலண்டன் சென்று திரும்பினார். 1931-ல் நூலக இயலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். 1945 முதல் 1947 வரை இக்காசி இந்து பல்கலைக்கழகத்தில் நூலகராகப் பணி செய்து, பிறகு தில்லிப் பல்கலைக்கழகம் சென்றார்.

அவருடைய ஐந்து விதிகள் நூலகங்களுக்காகச் சொல்லப்பட்டவை. ஆனால் அவற்றைத் தனி ஒருவனின் படிப்புத் திட்டத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

முதல் விதி, நூல்கள் பயன்படுவதற்காகவே உள்ளன என்பது. வாங்கி அடுக்குவது படிப்பாகாது. புத்தகக் கண்காட்சிக்குப் போனால் நாம் வாங்குவது பெரும்பாலும் புத்தகங்களை அல்ல. அவற்றைப் படித்துவிடுவோம் என்ற நம்பிக்கையை. ஆகவே கையிலுள்ளதை முடிக்கும்வரை புதிது வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. பிறர் வெளியிடும் 'கட்டாயம் படிக்க வேண்டிய நூறு' என்ற பட்டியல் அவர்களுக்குரியது. எனக்குரியதை நான்தான் தேட வேண்டும்.

மூன்றாம் விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது. எனக்குப் பிடிக்காத நூல் கெட்ட நூல் ஆகிவிடாது. அதற்குரியவர் அடுத்த அறையில் இருக்கலாம். ஐம்பது பக்கம் படித்தும் மனம் ஒட்டாத நூலை மேலும் இழுத்துக்கொண்டிராமல் அவரிடம் கொடுத்துவிட வேண்டும். இவ்விதி தெரிந்திருந்தால் சென்ற ஆண்டு நான் பல வாரங்களை மிச்சப்படுத்தியிருப்பேன்.

நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. எதைப் படிப்பது என்று யோசிப்பதிலேயே பாதி மாலை போய்விடுகிறது. அடுத்த நூல் எது என்பது முன்கூட்டியே முடிவாகி, மேசையில் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, நூலகம் வளரும் உயிர் என்பது. திட்டமும் அப்படியே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் திருத்துவதில் வெட்கம் இல்லை. திருத்த முடியாத திட்டம்தான் முறிந்துபோகும்.

வரவும் செலவும்

இனிக் கணக்குக்கு வருவோம். 'என் சரித்திர'த்தில் 122 அத்தியாயங்கள். மூன்று நாளுக்கு ஒன்று என்று வைத்தால், சனவரி முதல் நாள் தொடங்கி டிசம்பர் 30-ஆம் நாள் கடைசி அத்தியாயம் முடியும். இந்தக் கணக்கு வந்தபோது துள்ளிக் குதித்தேன். ஐயரவர்கள் எனக்காகவே அளந்து எழுதிவைத்தாற்போல் இருந்தது!

சிறிது நேரத்தில் துள்ளல் அடங்கியது. இது என் பழைய 52-ஐப் போன்ற அழகுதான். ஒரு காய்ச்சல் வந்தால் போதும், கணக்கு சரிந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் குடுவையை விளிம்புவரை நிரப்பக் கூடாது என்பது முதல் நாளே சொல்லித் தருவது; சூடேறினால் பொங்கி வழிந்துவிடும். திட்டத்திலும் மேலே வெற்றிடம் விட்டுவைக்க வேண்டும்.

ஆகவே வாரத்துக்கு மூன்று அத்தியாயம் என்று மாற்றினேன்: திங்கள், புதன், சனி. 122 அத்தியாயங்கள் 41 வாரங்களில் முடிந்துவிடும். ஆண்டில் மீதி 11 வாரங்கள். தேர்வுக்கு, நோய்க்கு, ஊர்ப் பயணத்துக்கு, அப்பாயிக்கு உடல் சரியில்லாத நாள்களுக்கு என்று அவற்றை ஒதுக்கிவிட்டேன். 84 வயதுக்காரரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் மெத்தனமும் கூடாது, அவசரமும் கூடாது.

அடுத்து நேரம். ஒரு வாரம் முழுவதும் நான் எதற்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறேன் என்று ஒளிக்காமல் எழுதிப் பார்த்தேன். கைப்பேசியில் கழிந்த நேரத்தை இங்கே அச்சிட விரும்பவில்லை. பாடங்களுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் குறை வைக்காமல் வாரத்துக்கு 5 மணி நேரம் ஒதுக்க முடியும் என்று தெரிந்தது. 41 வாரத்துக்கு 205 மணி நேரம்.

ஓர் அத்தியாயம் என்னிடமுள்ள பதிப்பில் ஏறத்தாழ ஏழு பக்கம். உரக்கப் படிக்க இப்போதைக்கு முப்பது, முப்பத்தைந்து நிமிடம் ஆகிறது. அதற்கு முந்தைய இரவு நான் தனியாக ஒருமுறை படித்து, தடுக்கும் சொற்களைப் பிரித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆக, ஓர் அத்தியாயத்துக்கு ஒரு மணி நேரம். 122 அத்தியாயத்துக்கு 122 மணி நேரம். மீதி 83 மணி நேரம். தமிழில் மௌனமாகப் படிக்க எனக்குப் பக்கத்துக்கு 4 நிமிடம் ஆகிறது. 83 மணி நேரத்தில் 1245 பக்கம் படிக்கலாம். அதாவது இருநூறு பக்க அளவில் ஆறு நூல்கள்.

ஆக மொத்தம் ஏழே நூல்கள்! 52 எங்கே, 7 எங்கே! ஆனால் 'அகல உழுகிறதை ஆழ உழு' என்பது நம் உழவர்கள் கண்ட உண்மை. காவிரிக் கரையில் சொல்லப்பட்டது கங்கைக் கரையில் பொய்யாகிவிடுமா?

அந்த ஆறு நூல்களையும் இப்படித் தெரிந்தெடுத்தேன். பாரதியாரின் கட்டுரைகள் முதலாவது. அவர் 1898 முதல் 1902 வரை இந்தக் காசியில் வாழ்ந்தவர். அவர் நடந்த தெருக்களில் நடந்துகொண்டு அவர் உரைநடையைப் படிக்காமல் இருப்பது முறையன்று. புதுமைப்பித்தன் சிறுகதைகளில் ஒரு தேர்ந்த தொகுப்பு இரண்டாவது. மூன்றாவது, மு. வரதராசனாரின் 'அகல் விளக்கு'. 1961-ல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. அதன் வாக்கியங்கள் குறுகியவை, தெளிந்தவை. என் போன்றவர்களுக்குக் கைப்பிடிச் சுவர். நான்காவது, தி. ஜானகிராமனும் சிட்டியும் காவிரியோடு பயணம் செய்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'. ஐந்தாவது, பெ. நா. அப்புசாமியின் அறிவியல் கட்டுரைகள். அவர் தொழிலால் வழக்கறிஞர்; ஆயினும் வாழ்நாள் முழுவதும் தமிழில் அறிவியலை எழுதினார். அறிவியல் படிக்கும் நான் தமிழில் ஒரு வினையைக்கூட விளக்கத் தெரியாமல் இருப்பது எனக்கே பிடிக்கவில்லை. ஆறாவது, பிரேம்சந்தின் 'கோதான்', இந்தி மூலத்தில். அது பெரிய நூல்தான். ஆனால் இந்தியில் நான் விரைவாகப் படிப்பேன் என்று முன்பே அளந்து வைத்திருக்கிறேன் அல்லவா?

வெளியூரில் தமிழ் நூல் எங்கே கிடைக்கும் என்று கவலைப்பட வேண்டியதில்லை. 1998-ல் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் பழைய நூல்கள் பலவற்றை யாரும் எங்கிருந்தும் படிக்கும்படி வைத்திருக்கின்றன. நூல் கிடைக்கவில்லை என்று சொல்லும் காலம் போய், நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லும் காலத்தில் இருக்கிறோம்.

தொடங்குவதும் குறிப்பதும்

பல வினைகள் தொடங்குவதற்கு முதலில் ஓர் ஆற்றல் கொடுக்க வேண்டும். வேதியியலில் இதைக் கிளர்வு ஆற்றல் என்பார்கள். தொடங்கிவிட்டால் பிறகு ஓடும். படிப்பும் அப்படியே. நாற்காலியில் உட்கார்ந்து நூலைத் திறப்பதுதான் மலை. முதல் பக்கம் தாண்டினால் சமவெளி. அந்த மலையைத் தாழ்த்துவது வினையூக்கியின் வேலை. எனக்கு வினையூக்கி ஒரு குறிப்பிட்ட வேளை. மாலை ஏழரை மணிக்குக் கும்பகோணத்தில் அப்பாயி விளக்கேற்றிவிட்டுத் தொலைபேசியின் அருகில் வந்து உட்கார்ந்துவிடுவார். ஒரு முதியவர் காத்திருக்கிறார் என்ற நினைவைவிட வலுவான வினையூக்கி எது?

ஒரு குறிப்பேடும் வைத்திருக்கிறேன். நாள், பக்கம், ஆன நேரம், தடுக்கிய இடங்களின் எண்ணிக்கை, மனத்தில் நின்ற ஒரு செய்தி, இவ்வளவுதான். படிக்காத நாளில் 'படிக்கவில்லை' என்று எழுதி, காரணத்தையும் எழுத வேண்டும். ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் தவறிய அளவீட்டை அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு இழுத்துவிட்டு அடுத்ததை எழுத வேண்டும். அதே ஒழுங்கு இங்கும். சென்ற ஆண்டு நான் பின்தங்கிய வாரங்களை மறைத்துக்கொண்டதால்தான் மெலிந்த புத்தகங்களைத் தேடிப் போனேன்.

என்னைப் போலப் பெரிய நூலில் இறங்க விரும்பாத நண்பர்களுக்கு ஒரு சிறு கணக்கு. திருக்குறளில் 1330 குறள்கள். நாளுக்கு நான்கு என்றால் 333 நாளில் முடிந்துவிடும். 32 நாள் விடுமுறையும் கிடைக்கும். ஒரு நாள் பங்குக்கு, உரையோடு சேர்த்துப் பார்த்தாலும், பத்து நிமிடம் போதும்.

வெள்ளோட்டம்

ஆண்டு பிறக்கும்வரை காத்திராமல் இம்மாதத்தில் ஒரு வாரம் வெள்ளோட்டம் விட்டுப் பார்த்தேன். முதல் மூன்று அத்தியாயங்கள். முதல் நாள் 38 நிமிடம். 41 இடத்தில் தடுக்கினேன். இரண்டாம் நாள் 34 நிமிடம், 33 இடம். மூன்றாம் நாள் 31 நிமிடம், 26 இடம். அத்தியாயங்கள் ஒரே நீளமுள்ளவை அல்ல. மூன்று அளவீட்டை வைத்து முடிவு கட்டவும் கூடாது. இருந்தாலும் திசை தெரிகிறது.

முதல் நாள் அப்பாயி என்னைப் பல இடங்களில் திருத்தினார். ஐயரவர்கள் பிறந்த உத்தமதானபுரம் கும்பகோணத்துக்கு அருகில் உள்ளது. அந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்கள் வரும்போதெல்லாம் நிறுத்தி, அங்கே தமக்குத் தெரிந்தவர் யார், எந்த வழியாகப் போக வேண்டும் என்று சொன்னார். நூலில் இல்லாத அந்தச் செய்திகளையும் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இப்படி ஒரு பகுதி சேரும் என்று என் திட்டத்தில் நான் எதிர்பார்க்கவில்லை.

மூன்றாம் நாள், நடுவில் நெடுநேரம் மறுமுனையில் ஓசையே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்துப் படிப்பதை நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்தினாய்? படி, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றார் அப்பாயி.

திருத்துவதை மறந்துவிட்டு அவர் கதையைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்! நான் விஷயத்துக்கு வந்துகொண்டிருக்கிறேன் போலும்.

நண்பர்களே, வரும் ஆண்டில் நீங்களும் ஒரு திட்டம் போடுங்கள். எத்தனை நூல் என்று எழுதுவதற்கு முன், உங்கள் வேகம் என்ன, நேரம் என்ன, எந்தப் படி மெதுவான படி என்று ஒரு வாரம் அளந்து பாருங்கள். குடுவையில் வெற்றிடம் விடுங்கள். முடிந்தால் யாருக்காவது படித்துக் காட்டுங்கள். ஊரில் கேட்பதற்கு ஆள் இருப்பார்கள். நம் மன்ற அறையில் ஒரு பொதுக் குறிப்பேடு வைக்கலாம் என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். விரும்புகிறவர்கள் தம் திட்டத்தை அதில் எழுதலாம். அடுத்த ஆண்டு இதே மலரில் அந்தக் கணக்கை, தவறிய வாரங்களையும் சேர்த்து, உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.